மலையில் தண்ணீர் நிற்காது

மழை படாமல் மூடுகிற ஒரு படங்கைத் தைத்து முடித்தால் அதை மடித்து ஒரு மூலையில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் தைப்பவர்களின் வழக்கம். நாங்கள் அக்கா என்று கூப்பிட்ட மனுசி அப்படிச் செய்யமாட்டார். கொட்டிலுக்கு வெளியே நாலு இரும்புக் கம்பங்கள் நட்டு வைத்திருந்தார். புதுப் படங்கின் நாலு மூலையையும் அந்தக் கம்பங்களில் தளர்வாகக் கட்டி, நடுவில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவார். படங்கு வயிறு தள்ளித் தொங்கும். பிறகு ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டு நேரே அந்த வயிற்றுக்குக் கீழே போய் இருந்து தேத்தண்ணி குடிப்பார். கோப்பை காலியாகும் வரைக்கும் தலையில் ஒரு துளி விழாவிட்டால் படங்கு சரி.

"ஒழுகாதுதானே அக்கா?" என்று வள்ளக்காரர்கள் கேட்பார்கள்.

"ஒழுகாது எண்டு நான் சொல்லமாட்டன். ஒழுகேல்ல. அதைத்தான் நான் கண்டனான்."

திருகோணமலை ஓர்ஸ் ஹில் இறக்கத்தில், உட்துறைமுகத்துக்குப் போகிற வழியில் அந்தக் கொட்டில் இருந்தது. வள்ளங்களுக்கும் லொறிகளுக்கும் படங்கு தைப்பார். அடுத்த கடை நானாவின் தேத்தண்ணிக் கடை. நான் அந்தப் பக்கம் போனது சீமெந்து மூட்டை இறக்கும் வேலைக்கு. எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு அதுவரைக்கும் எந்த ஊரிலும் ஒரு வருசத்துக்கு மேல் இருந்ததில்லை. சீமெந்து இருமலைத் தந்ததால் அதை விட்டு வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிக்கப் போனேன். அப்படித்தான் அக்காவிடம் முதல் தடவை மாட்டினேன்.

முதலாளி என்னை அனுப்பியிருந்தார். வள்ளம் இருபத்திரண்டு அடி, அதற்கு ஒரு படங்கு வேணுமாம் என்று சொன்னேன்.

"நீ அளந்தனியோ?"

"முதலாளி சொன்னவர்."

"அவர் அளந்தவரோ?"

எனக்குத் தெரியாது என்றேன். அக்கா மெசினை நிற்பாட்டினார். தலையில் ஒரு துவாயைப் போட்டுக்கொண்டு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, நண்பகல் வெயிலில் என்னோடு கரைக்கு நடந்து வந்தார். வள்ளம் பத்தொன்பதரை அடி. பின்பக்கம் அடிபட்டு வெட்டிச் சுருக்கியதை முதலாளியே மறந்துபோயிருந்தார்.

"வள்ளம் அவர்ட. அவருக்கே தெரியேல்ல. நீ வேற அவர் சொன்னதைக் கொண்டு வாறாய்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபம் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

நானாவின் கடையில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள் அக்காவின் காதில் விழும்படி கதைக்கப் பயப்படுவார்கள். ஒரு நாள் ஒருவர், லிங்கநகரில் ஒரு பெட்டை யாரோடோ ஓடிப்போய்விட்டதாம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். கொட்டிலுக்குள் மெசின் நின்றது.

"நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்லை அக்கா, எல்லாரும் கதைக்கினம்…"

"அப்ப அந்தப் பிள்ளை கடைக்குப் போயிருக்கும்."

அந்தப் பிள்ளை உண்மையிலேயே கடைக்குத்தான் போயிருந்தது. பஸ் கிடைக்காமல் மூன்று மணித்தியாலம் பிந்தி வந்தது.

இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் நன்றாக முடியவில்லை. சல்லி என்ற கடற்கரை ஊர்க்காரர் ஒருவர், வள்ளம் கவிழ்ந்து ஒரு பகலும் ஓர் இரவும் பிளாஸ்ரிக் கலனைப் பிடித்துக்கொண்டு மிதந்த கதையைச் சொன்னார். அக்கா வழக்கம்போல, "ஆர் கண்டது?" என்று கேட்டார். அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். பிறகு அவர் படங்கு தைக்க வேறு இடத்துக்குப் போனார். அக்காவுக்கு அது தெரியும். ஆனாலும் கேட்பதை விடவில்லை.

காரணம் நானா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கடல் ஊருக்குள் வந்த அன்று, அக்காவின் தம்பி போய்விட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். வீட்டில் அழத் தொடங்கிவிட்டார்கள். அக்கா மட்டும் வந்தவர்களை ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டாராம். ஒருவரும் கண்ணால் கண்டிருக்கவில்லை. மூன்று நாள், சனம் தங்கியிருந்த ஒவ்வொரு பள்ளிக்கூடமாக நடந்தார். மூன்றாம் நாள் ஒரு வகுப்பறையின் மேசைக்கு அடியில், கால் முறிந்து, தன் பெயரையே சொல்ல முடியாத காய்ச்சலோடு தம்பி கிடந்தான். அவன் இப்போதும் திரியாயில் வயல் செய்கிறான்.

அதற்கும் முந்தியது இன்னொன்று. அக்காவின் புருசன் வெளிநாட்டுக்குப் போனவர். அவரைக் கூட்டிக்கொண்டு போனவன் திரும்பி வந்து, "சுகமாப் போய்ச் சேர்ந்திட்டார், போன் கோல் எடுப்பார்" என்று சொல்லியிருக்கிறான். அக்கா அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பினார். எட்டு வருசம் காத்திருந்தார். கோல் வரவில்லை.

"அண்டைக்கு ஒருக்கா மட்டும் நான் கேக்கேல்ல" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். நூல் கோத்துக்கொண்டே சொன்னார்.

இனி ஒரு மலை ஏரியின் கதைக்கு வருகிறேன். அந்தக் கதையை அந்தக் கடைக்குள் கொண்டுவந்தவன் நான்.

நான் முன்பு மலைநாட்டில் ஆறு மாதம் ரோட்டுக்குத் தார் போடும் வேலை செய்தவன். ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே எங்கள் கூடாரம் இருந்தது. தோட்டத்துக்கு மேலே, மலை உச்சிக்குக் கிட்ட, ஒரு பெரிய ஏரி இருக்கிறது என்று அங்கே சொன்னார்கள். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டி ஏறிப் போவார்கள். ஒரு மழை நாளில் நானாவின் கடையில் இதைச் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் கூடிப்போய்விட்டது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்றேன். அன்னப்பறவை வடிவத்தில் மிதிபடகு ஓடும், நான் கரையில் இருந்து சோறு சாப்பிட்டிருக்கிறேன் என்றேன்.

மெசின் நின்றது.

"மலைக்கு மேலயோ?"

"ஓம் அக்கா."

"தண்ணி எண்டது இறங்கிற சாமான். மலையில எப்பிடி நிக்கும்?"

வாசலில் நின்று இதைக் கேட்ட மாஸ்டர் உள்ளே வந்தார். அவர் புவியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவர். தினமும் பத்து மணிக்கு, கையில் குடையோடு நானாவின் கடைக்கு வருவார். ஆர்க்டிக் பனியிலிருந்து ஆபிரிக்கப் பாலைவனம் வரைக்கும் அவருக்குத் தெரியும். திருகோணமலையைத் தாண்டி அவர் போன இடங்கள் குறைவு. பல வருசமாக அக்காவின் கேள்வி அவர் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

"அது இயற்கை ஏரி தங்கச்சி. மலையில பள்ளம் இருக்கும். மழைத்தண்ணி தங்கும். உலகத்தில எத்தினை இருக்கு."

"உலகத்தை நான் கேக்கேல்ல மாஸ்டர். இந்த மலையைக் கேக்கிறன். நான் திரியாயில குளங்களுக்கு நடுவில வளர்ந்தனான். அணைக்கட்டு இல்லாத குளம் ஒண்டைக் காணேல்ல. என்ர படங்கில இரண்டு வாளி தண்ணி நிக்கிறதுக்கே நாலு மூலையையும் பிடிக்கவேணும். மலையில அவ்வளவு தண்ணி நிக்குதெண்டா அது ஆரோ பிடிச்சு வச்சது."

"இயற்கை எண்டுதான் எழுதியிருக்கு. நான் வாசிச்சனான்."

"நீங்கள் கண்டனீங்களோ?"

கடை சிரித்தது. மாஸ்டரின் முகம் சிவந்தது. குடையை மேசையில் வைத்தார்.

"சரி, போய்ப் பாப்பம். கட்டு இல்லையெண்டா என்ன செய்வீங்கள்?"

அக்கா யோசித்தார். கையிலிருந்த ஊசியை ரவிக்கையில் குத்திக்கொண்டார்.

"கட்டு இல்லையெண்டா நான் பிழை. இனி ஒருத்தரிட்டயும் ‘கண்டனீங்களோ’ எண்டு கேக்கமாட்டன்."

நானா தேத்தண்ணி ஆற்றுவதை நிற்பாட்டிவிட்டார். மாஸ்டருக்கே கொஞ்சம் பயம் வந்தது போல இருந்தது. ஆனால் ஆட்கள் கை தட்டத் தொடங்கிவிட்டார்கள்.

"கட்டு இருந்தா?" என்று நானா கேட்டார்.

"இருந்தா, மாஸ்டர் இனிமே ஒவ்வொரு கதையும் சொல்லி முடிச்சிட்டு, ‘நான் காணேல்ல, வாசிச்சனான்’ எண்டு சொல்லவேணும்."

"சம்மதம்" என்றார் மாஸ்டர்.

நானாவின் மச்சானிடம் ஒரு வான் இருந்தது. ஓட்டினது நான். கடை ஆட்கள், மாஸ்டர், நானா, லிங்கநகரில் அக்காவுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்கள் நாலு பேர் என்று பன்னிரண்டு பேர் ஏறினோம். அக்கா ஒரு புதுப் பச்சைப் படங்கைச் சுருட்டிக்கொண்டு வந்தார், இருந்து சாப்பிட. இடுப்பில் ஒரு சுருக்குப் பையில் உப்பும் வைத்திருந்தார். மலையில் அட்டை கடிக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். அது மட்டும் நான் கண்டது.

கந்தளாய், ஹபரணை தாண்டும் மட்டும் பாட்டு. மாத்தளையில் ஏறத் தொடங்கியதும் பாட்டு நின்று, வயிற்றைப் பிரட்டிச் சத்தி தொடங்கியது. கண்டியைத் தாண்டி, தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பக்கத்தில் ரோட்டு முடிந்தது. அதற்கு மேல் வாகனம் விடமாட்டார்கள். நடந்துதான் ஏறவேண்டும். ஒரு மணித்தியால ஏற்றம் என்று வாசலில் நின்றவர் சொன்னார்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது இருக்கும். மெசின் மிதித்து மிதித்து வலது முழங்கால் கெட்டிருந்தது. மாஸ்டர் படிகளைப் பார்த்தார், அக்காவின் காலைப் பார்த்தார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

"தங்கச்சி, நீங்கள் வானிலேயே இருங்கோவன். நாங்கள் பாத்திட்டு வந்து சொல்லுறம்."

அக்கா அவரைப் பார்த்த பார்வையில் நானா வேறு பக்கம் திரும்பினார்.

"நீங்கள் பாத்திட்டு வந்து சொல்லவோ மாஸ்டர்? எனக்கு?"

செருப்பைக் கழற்றி வானுக்குள் எறிந்துவிட்டு முதல் ஆளாக ஏறினார்.

அந்த ஒரு மணித்தியால ஏற்றம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம். கடற்கரை ஆட்களுக்கு மூச்சு எங்கேயோ போய்விட்டது. தேயிலைச் செடிகளுக்கு இடையில் கல்லுப் படி, அதற்குப் பிறகு மண் பாதை, அதற்குப் பிறகு பாதையே இல்லாத மாதிரி ஒரு பாதை. அக்கா ஒவ்வொரு இருபது படிக்கும் நின்று முழங்காலை இரண்டு கையாலும் அமத்துவார். படியில் குந்தமாட்டார். நான் படங்கைத் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

"தம்பி, இந்தப் படியில இருந்தோ நீ சோறு சாப்பிட்டனி?"

"இல்லை அக்கா."

"மேலயோ?"

நான் படங்கை மற்றத் தோளுக்கு மாற்றினேன். பிறகு சொன்னேன். "நான் மேல வரேல்ல அக்கா. கீழ ரோட்டில நிண்டனான். போற ஆக்களைத்தான் கண்டனான்."

அக்கா நின்று திரும்பினார். ஏசுவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும். சோத்துக்கு என்ன கறி எண்டு நீ சொல்லேல்ல. உண்மையாச் சாப்பிட்டவன் கறியைச் சொல்லுவான்."

மேலே போய்ச் சேர்ந்தபோது ஒன்றும் தெரியவில்லை. வெள்ளை மூட்டம். கை நீட்டினால் விரல் மங்கியது. பாதை ஒரு சமதரையில் போய் முடிந்தது. நல்ல புல். முன்னால் பத்து அடியில் தண்ணீர் கரையைத் தட்டும் சத்தம் கேட்டது. மாஸ்டர் குனிந்து கையால் அளைந்தார்.

"தண்ணி!" என்று கத்தினார். "தங்கச்சி, மலையில தண்ணி நிக்குது!"

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். படங்கைப் புல்லில் விரித்தோம். பக்கத்தில் துருப்பிடித்த ஒரு இரும்புச் சக்கரம் ஒரு தண்டில் நின்றது. மாஸ்டர் தன் குடையையும் சாப்பாட்டுப் பையையும் அதில் கொழுவிவிட்டு, காலை நீட்டி இருந்தார். வென்ற ஆள் இருக்கிற மாதிரி இருந்தார்.

"கட்டு எங்க?" என்றார்.

"பாத்திட்டு வாறன்" என்றார் அக்கா. என்னைப் பார்த்தார். "நீ வா. காணாததைக் கண்டனெண்டவன் நடக்கவேணும்."

தண்ணீரை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு ஏரியைச் சுற்றத் தொடங்கினோம். மூட்டத்தில் தூரம் தெரியாது, அதனால் கரையை விடாமல் போகவேண்டியிருந்தது. அக்காவின் கணக்கு இதுதான். தானாக உண்டான கரை வளைந்து வளைந்துதான் போகும். கட்டு நேராகப் போகும். எங்கே கரை நேராகப் போகிறதோ அங்கே நின்று பார்க்கவேண்டும்.

கரை வளைந்தது. இருபது அடிக்கு ஒரு வளைவு. இடது பக்கம் எங்கே போனாலும் மலை மேலே ஏறியது. பைன் மரங்கள் வந்தன, பாறை வந்தது, ஒரு சின்ன ஓடை வந்து ஏரியில் விழுந்தது. எல்லாம் தண்ணீர் உள்ளே வரும் இடங்கள். தண்ணீரைத் தடுத்து வைக்கிற இடம் ஒன்றும் இல்லை. அட்டை இரண்டு காலிலும் ஏறியது. அக்கா உப்பைத் தொட்டுத் தொட்டு உதிர்த்துக்கொண்டே நடந்தார்.

வழியில் விறகுக் கட்டோடு ஒரு தோட்டத்து அம்மா வந்தார். அக்கா மறித்துக் கேட்டார்.

"இந்தத் தண்ணியை ஆர் கட்டினது அம்மா?"

"எங்க ஆளுங்கதான் கட்டுனாங்கன்னு சொல்லுவாங்க. தொரமாரு காலத்துல, தலையில மண்ணு சொமந்து."

நான் துள்ளிவிட்டேன். "அக்கா, பாத்தீங்களோ!"

அக்கா என்னைக் கையால் அடக்கினார். "நீங்கள் கண்டனீங்களோ அம்மா? இல்லாட்டி கட்டு எந்தப் பக்கமெண்டு காட்டுவீங்களோ?"

"நான் எங்கேருந்து காணறது? பாட்டி சொல்லுச்சு. இந்தப் பக்கம் வெறகுக்கு மட்டுந்தான் வருவேன்" என்று சிரித்துவிட்டு அந்த அம்மா மூட்டத்துக்குள் போய்விட்டார்.

"அக்கா, இது போதும். மாஸ்டரிட்ட இதைச் சொல்லுவம்."

"அவ காணேல்ல."

"உங்களுக்குச் சாதகமாத்தானே சொன்னவ?"

"எனக்குச் சாதகமெண்டா மட்டும் காணாதது கண்டதாகுமோ?"

முக்கால்வாசி சுற்றியிருப்போம். அக்காவின் முழங்கால் வீங்கிவிட்டது. அக்கா ஒரு பாறையில் கையூன்றி நின்றார். முதல் தடவையாக அவர் முகத்தில் பயத்தைக் கண்டேன்.

"இல்லைப் போல தம்பி" என்றார். "பள்ளந்தான் போல. மாஸ்டர் சரி." முழங்காலை அமத்திக்கொண்டு, "இனி ஒருத்தன் வந்து எதையும் சொல்லுவான். நான் ஓம் எண்டு கேட்டுக்கொண்டு இருக்கவேணும், என்ன?" என்றார்.

அந்தக் குரலை என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, நான் சொல்லுறன். மேல ஒரு கட்டு இருக்கு, மூட்டத்துக்குள்ள கண்டனான் எண்டு சொல்லுறன். இந்த மூட்டத்தில ஆர் வந்து பாக்கப்போறான்?"

அக்கா நிமிர்ந்தார். பயம் போய் அந்தப் பழைய முகம் வந்தது.

"நீ கண்டனியோ?"

"இல்லை."

"அப்ப நட. சுத்தி முடியேல்ல."

நடந்தோம். ஒரு முனையைத் திரும்பினோம். அதற்குப் பிறகு கரை வளையவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. அக்காதான் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"எண்ணு."

முப்பது அடி. அறுபது. நூறு. வலது பக்கம் தண்ணீர் கயிறு பிடித்த மாதிரி நேரே. காலுக்குக் கீழே சமதரை, நல்ல புல். நூற்றிருபதில் அக்கா நின்றார். குனிந்து ஒரு கல்லை எடுத்தார். இடது பக்கம், இவ்வளவு நேரமும் மலை ஏறிக்கொண்டிருந்த பக்கம், மூட்டத்துக்குள் எறிந்தார்.

சத்தம் கேட்கவில்லை. பிறகு, எங்கேயோ ஆழத்தில், தேயிலைச் செடியில் சரசரத்து ஒரு சத்தம் கேட்டது.

அக்கா சிரிக்கவில்லை. என் தோளில் கையை வைத்து அமத்தினார். "பேசாம வா" என்றார்.

இன்னும் ஒரு நூறு அடி நேரே நடந்திருப்போம். முன்னால் நானாவின் குரல் கேட்டது. பச்சைப் படங்கு தெரிந்தது. மாஸ்டர் காலை நீட்டியபடி அதே இடத்தில் இருந்தார். எல்லோரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நாங்கள் புறப்பட்ட இடத்துக்கு, அந்த நேர்க்கரையின் மற்ற முனைக்கு, வந்து சேர்ந்திருந்தோம்.

"என்ன தங்கச்சி, கட்டைக் கண்டனீங்களோ?" மாஸ்டர் அக்காவின் கேள்வியையே அக்காவிடம் கேட்டார். கடை ஆட்கள் சிரித்தார்கள்.

"ஓம். கண்டனான்."

"எங்க?"

"நீங்கள் இருக்கிறது என்ன?"

"புல்லு."

"புல்லுக்குக் கீழ?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. எங்களை அது பொருட்படுத்தியிருக்காது, மலையில் பகல் இரண்டு மணிக்கு அடிக்கிற காற்றுத்தான். ஆனால் மூட்டம் ஒரு பாயைச் சுருட்டுவது போல எழும்பியது. மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் நாலு அடியில் தரை முடிந்தது. வெட்டி வைத்த மாதிரி நேரே சரிந்து இறங்கியது. கல்லுக் கட்டு. கல்லுக்கு மேல் பாசி, பாசிக்குக் கீழே தேயிலை, எங்கேயோ கீழே தொழிற்சாலையின் தகரக் கூரையும் எங்கள் வானும் தீப்பெட்டி மாதிரி. இந்தப் பக்கம் ஏரி, இவ்வளவு நேரமும் ஒளிந்திருந்தது, நீலமாக, முழுதாக, கண் கொள்ளாமல் கிடந்தது. நடுவில் எங்கள் ஆட்கள் பத்துப் பேரும் ஒரு குளக்கட்டின் மேல் படங்கு விரித்துச் சோறு சாப்பிட்டிருந்தார்கள்.

அக்கா நடந்துபோய் அந்தத் துருப்பிடித்த சக்கரத்தைத் தட்டினார்.

"இது துருசுக்குரிய சில்லு, மாஸ்டர். இதைத் திருப்பித்தான் தண்ணி திறக்கிறது. எங்கட குளத்திலயும் இருக்கு. நீங்கள் குடை கொழுவியிருக்கிறீங்கள்."

நானாதான் முதலில் சிரித்தார். சிரித்துச் சிரித்துப் புல்லில் உருண்டு, "கட்டுக்கு மேல இருந்துகொண்டு கட்டு எங்க எண்டு கேட்ட மனுசன்!" என்று வயிற்றைப் பிடித்தார். லிங்கநகர்ப் பெண்கள் அக்காவைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். கரையில் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர், என்ன என்று தெரியாமலே கை தட்டினார்கள்.

மாஸ்டரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் எழும்பினார். கட்டின் விளிம்புக்குப் போய்க் கீழே நன்றாகப் பார்த்தார். பிறகு சில்லில் இருந்த குடையை எடுத்துக்கொண்டு, ஏரியைப் பார்த்து நின்று, வகுப்பில் சொல்வது போல உரக்கச் சொன்னார்.

"இயற்கை ஏரி எண்டு சொன்னனான். நான் காணேல்ல. வாசிச்சனான்!"

எதிர் மலை அதைத் திருப்பிச் சொன்னது. அக்காவுக்கு அதற்குப் பிறகுதான் சிரிப்பு வந்தது. கட்டின் மேல் குந்தி, இரண்டு காலையும் நீட்டி, முழங்காலைத் தடவிக்கொண்டு சிரித்தார். பிறகு கையால் புல்லை விலக்கி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். "அந்த அம்மான்ர பாட்டி பொய் சொல்லேல்ல" என்றார். ஒரு பிடி மண்ணை உப்புப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மூட்டம் விலகியதால் படகுக்காரர்கள் அன்னப்பறவைப் படகுகளை அவிழ்த்தார்கள், அதுவும் நான் பிறர் சொல்லக் கேட்டதுதான். அக்கா ஒன்றில் ஏறினார். மிதித்தது மாஸ்டர். நடுத் தண்ணீரில் நின்று அக்கா கட்டைப் பார்த்து ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கையை நீட்டிக் காட்டினார். தைத்து முடித்த ஓரத்தைப் பார்க்கும்போது அப்படித்தான் கையை ஓட்டுவார். இறங்கும்போது முழங்கால் மடங்க மறுத்தது. நானும் நானாவும் தோள் கொடுத்தோம். "தூக்காதேங்கோ, பிடியுங்கோ, போதும்" என்று சொல்லிக்கொண்டு கீழே வரைக்கும் நடந்தே வந்தார்.

அடுத்த வருசம் எனக்குக் கால் அரித்தது. நான் புத்தளத்தில் உப்பு அள்ளப் போய்விட்டேன். அங்கே இரண்டு வருசத்துக்குப் பிறகு ஒரு லொறிக்காரன் வந்தான். திருகோணமலைக்காரன். படங்கு தைக்கிற அக்கா செத்துப்போனாவாம் என்றான்.

கையில் இருந்த உப்பு வாரியை வைத்துவிட்டு நின்றேன். கண் எரிந்தது. பிறகு வாய் தானாகக் கேட்டது.

"நீங்கள் கண்டனீங்களோ?"

"இல்லை. கொட்டில் பூட்டிக் கிடக்கு. ஒரு கிழமையாம். லிங்கநகரில அவவின்ர ஒழுங்கையில செத்தவீட்டு வெள்ளைக்கொடி கட்டியிருக்கு. அப்ப வேற ஆர்?"

மேற்பார்வையாளரிடம் சொல்லாமலே பஸ் ஏறினேன். அநுராதபுரத்தில் மாறி, ஹொரவப்பொத்தானை வழியாக, வழி முழுக்க அழவேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் வந்தேன். காலையில் ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் நடந்தேன். நானாவின் கடைக்குள்ளிருந்து மாஸ்டரின் குரல் வந்தது. எரிமலையைப் பற்றி ஏதோ சொல்லி முடித்து, "நான் காணேல்ல, வாசிச்சனான்" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை, அவ்வளவு பழகிவிட்டது.

கொட்டிலுக்கு வெளியே நாலு கம்பத்தில் ஒரு நீலப் படங்கு கட்டியிருந்தது. நடுவில் தண்ணீர் நின்றது. அதற்குக் கீழே முக்காலியில், கையில் கோப்பையோடு, அக்கா இருந்தார்.

என்னைக் கண்டதும் கோப்பையை வைக்கவில்லை. "என்னடா, உப்பில ஊறின மாதிரி வந்து நிக்கிறாய்?"

"நீங்கள் செத்துப்போனீங்கள் எண்டு சொன்னாங்கள் அக்கா."

"ஆர் கண்டது?"

வெள்ளைக்கொடி எதிர்வீட்டு ஐயாவுக்கு. அக்கா ஏழு நாள் ஊரில் இல்லை. லிங்கநகர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மலைநாட்டுக்குப் போயிருக்கிறார். பதுளைப் பக்கம் இன்னொரு மலையில் இன்னொரு ஏரி இருக்கிறதாம், அது இயற்கையாம் என்று யாரோ சொன்னார்களாம். இப்படி இது மூன்றாவது மலை.

"கட்டு இருந்ததோ அக்கா?"

அக்கா தேத்தண்ணியைக் கடைசி மிடறு வரைக்கும் குடித்தார். நிமிர்ந்து, தலைக்கு மேலே தொங்கிய தண்ணீரைப் பார்த்தார். ஒரு துளியும் விழவில்லை. கோப்பையைக் கவிழ்த்து எனக்குக் காட்டினார்.

"கண்டனான்" என்றார்.